ரிவர்ஸ் கொடுத்தா மட்டும் ரீசெட் ஆன ஆர்டுயினோ

மியான்மர் யாங்கோன்ல கரண்டு எப்ப போகும்னு தெரியாது, அதனால ரோபோ வண்டிய 6 வோல்ட் பேட்டரியில தான் ஓட்டினேன், வண்டிய கட்டுப்படுத்துற ஆர்டுயினோ ஊனோ போர்டுக்கும், மோட்டார ஓட்டுற எல்298என் டிரைவர் போர்டுக்கும் அதே பேட்டரி. நேரா நல்லா போகும், ரிவர்ஸ் கொடுத்தா புரோகிராம் முதல்ல இருந்து ஆரம்பிச்சிடும். கோட் மாத்தினேன், ஒயர் மாத்தினேன், புது டிரைவர் கூட போட்டேன், அப்படியே தான் இருந்துச்சு.

கடைசியில 13வது பின் எல்இடி தான் காட்டிக் கொடுத்துச்சு. ரிவர்ஸ் ஆகுற நொடியில படபடன்னு சிமிட்டுது, அது பூட்லோடர் (சிப் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற சின்ன புரோகிராம்) ஆரம்பிக்கிற அடையாளம், அதாவது சப்ளை வோல்டேஜ் விழுந்து சிப் ரீசெட் ஆகுது. ஓடுற மோட்டார டக்குன்னு திருப்பினா அதோட பேக் இஎம்எஃப்பும் (சுத்துற மோட்டார் தானே உண்டாக்குற வோல்டேஜ்) பேட்டரி வோல்டேஜோட சேர்ந்துக்கும், கரண்ட் ஸ்டால் கரண்ட்ல (மோட்டார் சுத்த முடியாம நிக்கும்போது இழுக்குற கரண்ட்) கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம், அப்ப பேட்டரி வோல்டேஜ் விழுந்துடும். ஊனோவோட வின் பின்னுக்கு (வெளி பவர் கொடுக்குற பின்) 7 வோல்ட்டாவது வேணும், இங்க இருந்ததே 6 தான்.

போர்டுக்கு தனியா பவர்பேங்க் யூஎஸ்பி கொடுத்தேன், பேட்டரி மோட்டாருக்கு மட்டும், ரெண்டு கிரவுண்டையும் (மைனஸ் ஒயர்) கண்டிப்பா சேக்கணும். திசை மாத்துறதுக்கு முன்னாடி 200 மில்லிசெகண்ட் நிறுத்தம் வச்சேன். அப்பாடா, ரீசெட் நின்னுச்சு. சில பவர்பேங்க் கரண்ட் கம்மியா இழுத்தா தானா ஆஃப் ஆயிடும், அத பாத்து வாங்குங்க.