பிளேஆஃப் கணிப்பும் 'பேண்ட்வேகன்' பட்டமும்: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஏப்ரல் பிறந்து, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் நெருங்கியதும், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ரசிகர்கள் நடுவே இரண்டு சண்டைகள் தவறாமல் தொடங்கிவிடும். இந்த முறை கோப்பை யாருக்கு என்பது முதலாவது. "நீ எந்த வருஷத்திலிருந்து இந்த அணிக்கு ரசிகன்?" என்பது இரண்டாவது. ஜெயிக்கிற அணியின் பக்கம் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டவர் என்று குத்திக்காட்டும் பட்டம்தான் 'பேண்ட்வேகன்'. பார்த்தால் வேறு வேறு சண்டை போலத் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டிலும் நடப்பது ஒரே தவறு. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து ஆளை எடைபோடுகிறோம். கணித்தவரையும் அப்படித்தான், ரசிகரையும் அப்படித்தான்.

கணிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வாய்ப்பு அதிகம் என்பதை நிச்சயம் என்று படிப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். யாருடன் மோதினாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்புள்ள ஓர் அணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேஆஃப் அளவில் அது பெரிய பலம். ஏழு ஆட்ட சீரிஸில் அந்த அணி முதலில் நான்கை எட்டும் வாய்ப்பு சுமார் 71 சதவீதம். ஆனால் கோப்பைக்குப் போக இப்படி நான்கு சீரிஸ்களைத் தாண்ட வேண்டும். 0.71-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது ஏறத்தாழ 0.25. அதாவது, களத்திலேயே பலமான அணி என்று நாம் ஒப்புக்கொள்கிற அணிகூட நான்கில் மூன்று முறை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும்.

பிளேஆஃபின் மொத்தம் 15 சீரிஸ்களையும் முன்கூட்டியே சொல்லும் பந்தயம் இன்னும் கடினம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடிய கெட்டிக்காரருக்கே எல்லாம் பலிப்பது இருநூறில் ஒரு முறைதான்.

இது தெரியாததால்தான் 2016-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஜெயிக்கும் என்று சொன்னவர்களை அத்தனை பேர் முட்டாள்கள் என்றார்கள். 73 வெற்றி, 9 தோல்வி. ஒரு ரெகுலர் சீசனில், அதாவது பிளேஆஃபுக்கு முன் நடக்கும் 82 ஆட்டங்களில், அதுவரை எந்த அணியும் அத்தனை ஆட்டங்களை ஜெயித்ததில்லை. ஃபைனல்ஸில் கிளீவ்லேண்டுக்கு எதிராக 3-1 முன்னிலை வேறு. அந்த நிலையிலிருந்து ஃபைனல்ஸைத் திருப்பிய அணி அதற்கு முன் ஒன்றுகூடக் கிடையாது. ஐந்தாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் ஆடத் தடை வந்தது, ஆட்டம் கைமாறியது. ஏழாவது ஆட்டம் 89-89 என்ற நிலையில் மூன்றரை நிமிடத்துக்கும் மேலாக யாரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வாரியர்ஸின் இகுவோடாலா கூடைக்கு அருகே தூக்கிய பந்தை கிளீவ்லேண்டின் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையோடு அறைந்தார். அப்புறம் வாரியர்ஸின் கரியின் கைக்கு மேலாக கிளீவ்லேண்டின் கைரி இர்விங் தொலைவிலிருந்து எடுத்த அந்த மூன்று புள்ளி ஷாட். முடிவு 93-89. அந்த ஒரு பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்திருந்தால், அதே கணிப்பாளர்களை இன்று ஞானிகள் என்று சொல்லிக்கொண்டிருப்போம். அவர்கள் சொன்ன காரணம் இரண்டு நிலையிலும் ஒன்றேதான்.

82 ஆட்டங்களின் பட்டியலை அப்படியே நம்புவது

ரெகுலர் சீசனில் ஓர் அணி இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். எதிரணியைத் தனியாக உட்கார்ந்து படிக்க நேரமிருக்காது. பிளேஆஃபில் அதே எதிரியோடு இரண்டு வாரம் வரை மல்லுக்கட்ட வேண்டும். உன் அணியில் ஒரு பலவீனம் இருந்தால், மூன்றாவது ஆட்டத்துக்குள் எதிர்ப் பயிற்சியாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். ஆறாவது ஆட்டம் வரை அதிலேயே குத்துவார்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2021-ன் யூட்டா ஜாஸ். 72 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்த சீசனில் 52 வெற்றியோடு லீக்கிலேயே முதலிடம். சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது அவர்களுடைய ரூடி கோபேருக்கு. கூடைக்கு அடியில் கோபேர் நின்றால் அந்தப் பக்கம் போகவே எதிரணிகள் தயங்கும். இரண்டாவது சுற்றில் கிளிப்பர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜாஸ் ஜெயித்தது. கிளிப்பர்ஸ் என்ன செய்தார்கள்? கூடைக்கு அருகே ஆடும் உயரமான சென்டரை உட்காரவைத்துவிட்டு, ஐந்து பேருமே வெளியிலிருந்து ஷாட் எடுக்கக்கூடிய சிறிய அணியை இறக்கினார்கள். ஆறாவது ஆட்டத்தில் கிளிப்பர்ஸின் நட்சத்திரம் கவாய் லெனர்ட் இல்லை, காயம். ஜாஸ் 25 புள்ளி முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மான் என்ற இரண்டாம் வருட வீரர் மூலையில் போய் நின்றார். ஒருவர் பந்தோடு உள்ளே புகுந்தால் கோபேர் கூடையைக் காக்க நகர்ந்தாக வேண்டும். அவர் நகர்ந்ததும் பந்து மூலைக்கு வரும். மூலைக்கு ஓடிவந்தால் கூடை காலி. மான் அன்று எடுத்தது 39 புள்ளிகள், அதில் ஏழு மூன்று புள்ளி ஷாட்டுகள். 131-119, சீரிஸும் முடிந்தது. கோபேர் அன்று மோசமாக ஆடவில்லை, அதைக் கவனியுங்கள். சீசன் முழுக்க ஜாஸைத் தூக்கி நிறுத்திய அதே பழக்கம்தான் அங்கே அவர்களைக் கவிழ்த்தது.

ஆகவே கணிக்கும்போது "இவர்கள் எத்தனை ஜெயித்தார்கள்" என்பதோடு நிற்காதீர்கள். "இவர்களுடைய முக்கிய வீரரை எந்த இடத்தில் நிற்கவைத்தால் திணறுவார், அதைச் செய்ய எதிரணியிடம் ஆள் இருக்கிறதா" என்றும் கேளுங்கள். 2007-ல் இதைக் கேட்டவர்கள் ஏமாறவில்லை. 67 வெற்றி பெற்ற டல்லஸை, எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட் 4-2 என்று வெளியே அனுப்பியது. அந்த சீசனில் இரு அணிகளும் மோதிய மூன்று ஆட்டங்களையும் கோல்டன் ஸ்டேட்தான் ஜெயித்திருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் டான் நெல்சன் முன்பு டல்லஸில் இருந்தவர், டல்லஸின் நட்சத்திரம் நோவிட்ஸ்கியை வளர்த்தவர். மூன்று ஆட்டத்தை வைத்து முடிவு கட்டுவது பொதுவாக ஆபத்தானது. ஆனால் அந்த மூன்றுக்குப் பின்னால் தெளிவான ஆட்டக் காரணம் இருந்தால் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

ஒரு ஆட்டத்தைப் பார்த்து சீரிஸை முடித்துவைப்பது

2021 ஃபைனல்ஸில் மில்வாக்கி முதல் இரண்டு ஆட்டங்களையும் ஃபீனிக்ஸில் தோற்றது. "முடிந்தது" என்றார்கள். அடுத்த நான்கையும் மில்வாக்கி வரிசையாக ஜெயித்தது. கடைசி ஆட்டத்தில் மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸ் எடுத்தது 50 புள்ளிகள். சொந்த மைதானத்தில் இரண்டு ஜெயிப்பது, பலமான அணி செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஆனால் முதல் மூன்றையும் தோற்ற 0-3 நிலை வேறு கதை. என்பிஏ வரலாற்றில் 150-க்கும் மேற்பட்ட முறை அணிகள் அந்தக் குழியில் விழுந்திருக்கின்றன. ஒன்றுகூட சீரிஸை ஜெயித்து வெளியே வந்ததில்லை. 2023-ல் பாஸ்டன் 0-3-லிருந்து 3-3 வரை ஏறிவந்து, ஏழாவது ஆட்டத்தில் மயாமியிடம் சொந்த மண்ணிலேயே தோற்றது.

அதே மயாமி இன்னொரு பாடமும் தந்தது. அந்த சீசன் முழுக்க மூன்று புள்ளி ஷாட்டில் கடைசி வரிசையில் இருந்த அணி, முதல் சுற்றில் மில்வாக்கிக்கு எதிராக நூற்றுக்கு 45 என்ற அளவில் போட்டுத் தள்ளியது. 2018-ல் ஹூஸ்டன் ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 மூன்று புள்ளி ஷாட்டுகளைத் தவறவிட்டது. இரண்டு வாரத்துக்குள் ஷாட்டுகள் இப்படி எந்தப் பக்கமும் சாயும். அதைத் திறமை என்றோ மன உறுதி என்றோ பெயர் வைத்து அடுத்த சுற்றுக் கணிப்பில் ஏற்றாதீர்கள். காயங்களும் அப்படியே. அந்த மில்வாக்கி–மயாமி சீரிஸின் முதல் ஆட்டத்திலேயே யானிஸுக்கு முதுகில் அடிபடும் என்று யாருக்குத் தெரியும்? நான் அந்த சீரிஸில் மில்வாக்கி என்றுதான் எழுதிவைத்திருந்தேன். இன்றைக்கும் அதே தகவல்களைக் கொடுத்தால் அப்படித்தான் எழுதுவேன்.

சரி, பேண்ட்வேகனுக்கு வருவோம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சர்க்கஸ் ஊர்வலத்தின் வாத்தியக் கோஷ்டி ஏறிவரும் அலங்கார வண்டிக்குத்தான் இந்தப் பெயர். அரசியல்வாதிகள் அதில் ஏறிக்கொள்ள, ஜெயிக்கிற பக்கம் தொற்றிக்கொள்வதற்கே அது பேராகிவிட்டது. 1976-ல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைக் கவனித்தார்கள். தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்த வாரத்தில் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையை அதிகம் பேர் அணிந்துவந்தார்கள். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது "நாங்கள் ஜெயித்தோம்" என்ற பேச்சும் கூடுதலாக வந்தது. படிப்பதே அந்த இடத்தில்தான், அவர்களை யாரும் வந்தேறி ரசிகர் என்று சொல்ல முடியாது. வெற்றியின் பக்கம் சாய்வது பழைய ரசிகரிடமும் இருக்கிற குணம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் சேர்ந்த தேதியை வைத்து ஒருவரின் அன்பை அளப்பது பெரிய தவறு. 1990-களில் உலகம் முழுவதும் சிகாகோ புல்ஸ் சட்டை போட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் புல்ஸ் தோற்ற காலத்தைப் பார்த்தார்கள்? ஜோர்டன் ஜெயிப்பதைப் பார்த்துத்தான் வந்தார்கள். அவர்களில் பலர் இன்றும் அந்த அணியை விடாமல் பார்க்கிறார்கள், அது ஆறு கோப்பைக்குப் பிறகு ஒன்றுகூட வாங்காத போதும். நுழைந்த வாசல் வெற்றி என்பதால் உள்ளே இருந்த வருடங்கள் பொய்யாகிவிடாது.

ஒரு வீரரைப் பின்தொடர்கிறவரை அணி ரசிகரின் அளவுகோலால் அளப்பது இன்னொரு தவறு. லெப்ரானோடு கிளீவ்லேண்டிலிருந்து மயாமிக்கும், மறுபடி கிளீவ்லேண்டுக்கும், பிறகு லாஸ் ஏஞ்சலிஸுக்கும் போனவர் இருபது வருடமாக ஒரே ஆளுக்கு விசுவாசமாக இருக்கிறார். அது வேறு வகை ரசனை. அணியுள்ள 28 நகரங்களில் எதிலும் பிறக்காதவருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற வழியும் அதுதான்.

ஆனால் பழைய ரசிகரின் கோபத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுவதும் தவறுதான், இதை நான் அழுத்திச் சொல்வேன். கோல்டன் ஸ்டேட் 1995 முதல் 2012 வரை ஒரே ஒரு முறைதான் பிளேஆஃப் பார்த்தது. அந்த வருடங்களில் ஓக்லண்ட் அரங்கத்துக்குப் போய் தொண்டை வறளக் கத்தியவர்கள் இருக்கிறார்கள். கோப்பைகள் வந்தன, டிக்கெட் விலை ஏறியது, 2019-ல் அணி வளைகுடாவைக் கடந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே போய்விட்டது. அந்த மனிதருக்கு வலிப்பது, புதிதாக வந்தவர் கைதட்டுவது அல்ல. தான் உட்கார்ந்திருந்த இடம் இப்போது தனக்குக் கட்டுப்படியாகாமல் போனதுதான் வலி. அந்த வலியைப் புதிய ரசிகர் மேல் கொட்டினால் பிரயோஜனமில்லை. விலையை ஏற்றியவர் அவர் இல்லையே.

புதிதாக வந்தவர்களுக்கும் ஒன்று. வந்த மாதமே பழைய தோல்விகளைக் கிண்டலடிக்காதீர்கள். அந்த அணியின் மோசமான சீசன் ஒன்றைத் தேடிப் பாருங்கள், யார் ஆடினார்கள், ஏன் தோற்றார்கள் என்று. பிறகு இன்றைய அணியைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும். கணிப்பும் கூர்மையாகும்.

உள்ளூர்க்காரர் எல்லாரும் உறுதியானவர் என்ற நம்பிக்கையும் சரியில்லை. 2013 ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டம், கடைசி அரை நிமிடம். சான் அன்டோனியோ ஐந்து புள்ளி முன்னிலை. மயாமி அரங்கத்திலிருந்து சொந்த ஊர் ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். 5.2 வினாடி மீதமிருக்கும்போது மயாமியின் ரே ஆலன் பின்னால் அடியெடுத்துவைத்து மூலையிலிருந்து அந்த ஷாட்டைப் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். வெளியே போனவர்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. உள்ளே மயாமி கூடுதல் நேரத்தில் 103-100 என்று ஜெயித்தது.

சியாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1967 முதல் சூப்பர்சோனிக்ஸ் அங்கே ஆடியது, 1979-ல் கோப்பையும் வாங்கியது. 2008-ல் அணியை அப்படியே ஓக்லஹோமா சிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அணிதான் 2025-ல் இந்தியானாவை ஏழு ஆட்டங்களில் வீழ்த்தி சாம்பியன் ஆனது. நாற்பது வருடம் சோனிக்ஸ் பார்த்த ஒருவர் அந்த ஃபைனல்ஸில் இந்தியானாவின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு கத்தியிருந்தால், அவரிடம் போய் "எப்போதிலிருந்து ரசிகர்?" என்று நான் கேட்க மாட்டேன்.