‘ஸ்வெங்காலி’ என்று எழுதுவதற்கு முன்

இன்னொருவரின் மனத்தையே வசப்படுத்தி, தன் இஷ்டத்துக்கு ஆட்டிப்படைக்கும் கொடியவனை ஆங்கிலத்தில் ‘ஸ்வெங்காலி’ என்பார்கள். பாடகிகள், நடிகைகள் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் சொல் இது. கதை தெரியாமல் எடுத்தாண்டால் தவறு நிச்சயம்.

ஜார்ஜ் டு மோரியே எழுதி 1894இல் வெளியான நாவலில் வருபவன் ஸ்வெங்காலி. நாவலின் பெயரும் அதுதான் என்று நினைத்துவிட வேண்டாம், நாவல் ‘டிரில்பி’. 1931இல் ஜான் பேரிமோர் நடித்து வந்த படம்தான் ‘ஸ்வெங்காலி’. டிரில்பி, பாரிஸில் ஓவியர்களுக்கு மாடலாக நின்று பிழைக்கும் பெண். சுருதி என்பதே பிடிபடாத காது அவளுக்கு. தலைவலியைப் போக்குகிறேன் என்று அவளை மனோவசியத்தில் ஆழ்த்துகிறான் இசைக்கலைஞனான ஸ்வெங்காலி. பிறகு அதே வசியத்தால் ஐரோப்பாவே கொண்டாடும் பாடகியாக்குகிறான். லண்டன் கச்சேரியில் அவன் உயிர் பிரியும்போது, அவளால் சுருதி சேர்ந்து ஒரு வரிகூடப் பாட முடியவில்லை.

ஆகவே கறாரான குருவையோ கணக்குப் பார்க்கும் மேலாளரையோ இப்படி அழைப்பது பொருந்தாது. பேரம் பேசுவதும் கண்டிப்பாக இருப்பதும் வேறு. ஒருவரின் சுயபுத்தியையே பறிப்பது வேறு.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நிஜமான ஒரு பாடகியின் கணவரை ‘ஸ்வெங்காலி’ என்று எழுதும்போது, அவள் டிரில்பி ஆகிவிடுகிறாள். அதாவது, சொந்தமாகத் திறமையே இல்லாதவள். கணவர் அவளை அடித்திருக்கலாம், சம்பாத்தியத்தைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் குரலும் சாதகமும் அவளுடையவை. அவள் பக்கம் நிற்பதாக நினைத்து எழுதும் வரியே அவள் உழைப்பைக் களவாடிவிடுகிறது. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

தமிழில் ‘சகுனி’ என்று பெயர்த்துவிடுவதும் சரியல்ல. துரியோதனன் சகுனியின் சூழ்ச்சிக்குத் தெரிந்தே, விரும்பியே உடன்படுகிறான். கூனி சற்று நெருங்கி வருவாள். ஆனாலும் கைகேயி வரம் கேட்பது தன் நினைவோடுதான். ‘ஆட்டிப்படைப்பவன்’ என்பதே போதும்.

கடைசியாக, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: டு மோரியே ஸ்வெங்காலியை யூதனாகப் படைத்தார். அழுக்கானவன், பேராசைக்காரன், வெள்ளைக்காரப் பெண்ணைக் கவரும் அந்நியன் என்று அக்கால ஐரோப்பாவின் யூத வெறுப்பு அத்தனையும் அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. நாவலுக்கு ஓவியம் வரைந்தவரும் அவரே. அந்த வெறுப்பு அவர் வரைந்த ஓவியங்களிலும் தெரியும். யூதர் ஒருவரைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைத் தொடவே கூடாது. மற்றவர்களைப் பற்றி என்றாலும் ‘மிரட்டினார்’, ‘யாரோடும் பேசவிடாமல் தடுத்தார்’, ‘பணத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார்’ என்று செய்ததைச் செய்தபடியே எழுதுங்கள்.