147573952589676412927: இந்த எண்ணை உடைப்பது எப்படி?

போன வாரம் ரெண்டு ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்த எண் இது. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. நம்ம பாணியில் சொன்னால் பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி! 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்று பட்டியலில் போட்டார். 1876-இல் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அது தப்பு என்று நிரூபித்தார். ஆனால் எதால் வகுபடும் என்பது அவர் முறையில் தெரியாது. அதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

படி 1: பைதான் நிரல்மொழியில் 2**67-1 என்று அடியுங்கள் (** என்றால் அடுக்கு). கால்குலேட்டர் பக்கமே போகாதீர்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். பழக்கதோஷத்தில் மேத் மாட்யூலின் பவ் ஃபங்ஷனைப் போட்டுவிட்டேன். 2-ஆல் வகுத்தால் மீதி 0 என்கிறது! ஒற்றைப்படை எண் எப்படி இரட்டைப்படை ஆகும்? வகுத்துப் பார்க்கும் லூப்பைக் குடைந்து குடைந்து பார்த்தேன், அதில் ஒரு கோளாறும் இல்லை. அந்த பவ் தருவது ஃப்ளோட், அதாவது தசமப்புள்ளி எண். அதில் 53 பிட்டுக்குத்தான் (0, 1 என்ற இரும இலக்கம்) இடம். நம் எண்ணுக்கு 67 பிட் வேண்டும், அந்த 67 பிட்டும் 1. அவ்வளவு பெரிய ஃப்ளோட்டில் ஒன்றைக் கழித்தாலும் அதற்கு உறைக்காது. கடைசி மூன்று இலக்கம் 927 தானா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். 928 என்றால் என் கதைதான் உங்களுக்கும்.

படி 2: 3, 5, 7 என்று வரிசையாக வகுத்தால் ஒன்பதரைக் கோடி தடவைக்கு மேல் வகுக்கணும். தேவையே இல்லை. 67 பகா எண் என்பதால், இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 134-இன் மடங்கு கூட்டல் 1 ஆகத்தான் இருக்கும். அதிலும் 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரணும். மற்றதைத் தள்ளுங்கள்.

படி 3: 134-இன் மடங்கு கூட்டல் 1-ஐ வரிசையாக எடுத்து, வடிகட்டி, வகுத்துப் பார்க்கும் லூப்பை ஓடவிடுங்கள். மடங்கு 14,45,580-ஐத் தொட்டதும் நிற்கும்: 193707721. வடிகட்டியது போக வகுத்தது 7,22,790 தடவைதான். ஒரு வாய் டீ உள்ளே போவதற்குள் முடிந்துவிடும். 1903-இல் நியூயார்க் கூட்டமொன்றில் கோல் என்பவர் இதே விடையைக் கரும்பலகையில் பேசாமல் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம். அதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் போனதாகச் சொல்வார்கள்.

படி 4: நம் எண்ணை இதால் வகுக்க ஒற்றைச் சாய்கோடு வேண்டாம், அதுவும் ஃப்ளோட்தான் தரும்; // போடுங்கள். வருவது 761838257287. இது பகா எண்ணா என்று தனியாகச் சோதிக்க வேண்டாம். இதை வகுப்பது எதுவும் நம் எண்ணையும் வகுக்கும்; இதன் வர்க்கமூலமோ ஒன்பது லட்சத்துக்கும் கீழே. அந்த எல்லையை லூப் எப்போதோ தாண்டிவிட்டது. ஆக 1, இந்த ரெண்டு, எண் தானே: மொத்தம் நாலே வகுத்திகள்.

பிற்சேர்க்கை: எக்செலில் போட்டவருக்கு 147573952589676000000 வந்ததாம். அது 15 இலக்கத்தோடு நின்றுவிடும், அதில் முயலாதீர்கள்.

இன்னொருவருக்கு எண்டர் தட்டியதுமே விடை 1. ரேஞ்சை 0-இலிருந்து தொடங்கியிருக்கிறார். 134-இன் பூஜ்ய மடங்கு கூட்டல் 1 என்றால் 1 தானே, அது எதைத்தான் வகுக்காது? 1-இலிருந்து தொடங்குங்கள்.