நந்திக்கடலில ஒரு வள்ளம்: மேசையில வைக்கிற அளவில செய்யிறது எப்பிடி

மொடல் வள்ளம் செய்ய வெளிக்கிடுற கனபேர் முதல்ல கேக்கிறது தண்ணிக்கு எந்த ரெசின் (ஊத்தினாக் கண்ணாடி மாதிரி இறுகிற திரவம்) வாங்கிறது எண்டுதான். வீடியோக்களில பாத்தா எல்லாம் தெளிஞ்ச நீலத் தண்ணி, அடியில கிடக்கிற கல்லும் தெரியும். முல்லைத்தீவு நந்திக்கடல் களப்பு அப்பிடியே கிடக்கு? வட்டுவாகல் பாலத்தில நிண்டு எட்டிப் பாருங்கோ, மழைத்தண்ணி இறங்கின நேரம் பால்விட்ட தேத்தண்ணி நிறம், மற்ற நேரம் ஒரு மங்கின பாசிப்பச்சை. களப்புச் செய்யிறதுக்கு ரெசினே தேவையில்லை, நிறத்தைக் கீழ பூசிப்போட்டு மேல மினுக்கத்தை மட்டும் குடுத்தாக் காணும்.

இல்லை ரெசின்தான் வேணும் எண்டு நிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். எங்கட பக்கம் லேசாக் கிடைக்கிறது போட் ஒட்டுற பொலியெஸ்ரர் ரெசின், அது ரெஜிபோமில (சாமான் பெட்டியளுக்குள்ள வாற வெள்ளைப் போம்) பட்டாப் போமைக் கரைச்சுப் போடும், காயேக்க சுருங்கும், மணத்துக்கு வீட்டுக்குள்ள இருக்கேலாது. எபொக்சி ரெசின் போமைக் கரைக்காது, ஆனா ஒரேயடியாத் தடிப்பா ஊத்தினாச் சூடேறி நாசமாப் போகும்.

அளவுக்கு 1:35 எடுங்கோ, உண்மையில 35 அங்குலம் மொடலில ஒரு அங்குலம். 16 அடி வள்ளம் ஐந்தரை அங்குலம் வரும், அஞ்சரை அடி மனுசன் ரெண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1:72 எண்டா ஆள் ஒரு அங்குலமும் வராது, கையால முகம் பிடிக்கிறது கஸ்ரம்.

வள்ளத்துக்கு ரெஜிபோமில உருவத்தைச் செதுக்கி, அணியத்தை (வள்ளத்தின்ர முன்பக்கம்) கொஞ்சம் தூக்கலா விட்டு, சாண்ட்பேப்பரால தேச்சு, மேல மெல்லிய பொலித்தீன் சுத்துங்கோ. பேப்பர்த் துண்டுகளை வெள்ளைக் கம்மில தோய்ச்சு அஞ்சாறு படை ஒட்டி, நல்லாக் காஞ்ச பிறகு போமைக் கழட்டினா உள்வெறும் ஓடு கையில வரும், உண்மையான பைபர் வள்ளமும் அச்சில படைபடையாப் போட்டுத்தானே எடுக்கினம். குறுக்குப் பலகைக்கு ஐஸ்கிறீம் குச்சி. தண்ணிக்குக் கீழ இருக்கிற பகுதி தெரியப் போறேல்லை, அதால அடியில 5, 6 மில்லிமீற்றரை மட்டமா வெட்டி எறியுங்கோ. ஆக்கள் நிக்கிற பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிற மாதிரி வெட்டினா வள்ளம் பாரம் ஏத்தினமாதிரி இருக்கும், ஆக மட்டமா வெட்டினா விளையாட்டுச் சாமான்தான்.

அடிப்பலகைக்கு பிளைவூட். ரெண்டு பக்கமும் பெயின்ற் அடிச்சுப்போட்டுத் தொடங்குங்கோ, இல்லாட்டி கம்மின்ர ஈரத்துக்குப் பலகை வளையும்.

இனித் தண்ணி. நடுவில கபிலமும் கடும்பச்சையும் கலந்த இருட்டு நிறம், கரைக்கு வர வர மண்நிறம், பெயின்ற் காய முதலே ஒண்டுக்குள்ள ஒண்டை இழுத்து விடுங்கோ, கோடு தெரியப்படாது. வள்ளம் வரப்போற இடத்தில இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்கோ. காஞ்ச பிறகு ரிசுப் பேப்பரைப் போட்டு, மேல தண்ணி கலந்த கம்மைத் தூரிகையால ஒத்தி ஒத்தி விட்டா அது தானாச் சுருங்கி அலை எழும்பும். இதில கனபேர் பிழை விடுறது அலையின்ர உயரத்தில. களப்பில காத்து அடிச்சாலும் சின்னச் சின்ன நெளிவுதான், 2 மில்லிமீற்றர் எண்டாலே உண்மையில 7 சென்ரிமீற்றர், அதுக்கு மேல போனா அது முல்லைத்தீவுக் கடல். நெளிவெல்லாம் ஒரே பக்கம் பாக்கவேணும், காத்து ஒரு பக்கத்தாலதானே வரும். பிறகு அதுக்கு மேல திரும்பவும் நிறம் பூசி, கம்மை மெல்லிய மெல்லிய படையா, ஒண்டு தெளிஞ்ச பிறகுதான் மற்றது, அவசரப்பட்டுத் தடிப்பாப் பூசினா உள்ளுக்கு வெள்ளையா நிண்டிடும், மாரி ஈரத்தில சொல்லவே வேண்டாம். கச்சான் காத்து அடிக்கிற நாளில காயுறது சுகம், ஆனா தூசி ஒட்டும், ஒரு பெட்டியால மூடி வையுங்கோ. கடைசியா வார்னிஸ். ஹாட்வெயாரில விக்கிற எண்ணெய் வார்னிஸ் நாள்பட மஞ்சளாகும் எண்டு பயப்பிடுவினம், இந்தத் தண்ணிக்கு அது நல்லதுதான்.

கரைக்கு முல்லைத்தீவுக் கடற்கரை மண்ணை அப்பிடியே கொட்டாதேங்கோ. அரை மில்லிமீற்றர் மணி ஒண்டு 35 ஆல பெருக்கினா ஒண்டேமுக்கால் சென்ரிமீற்றர், சல்லிக்கல் பறிச்சமாதிரி இருக்கும். சீலையால அரிச்ச புழுதிதான் சரி.

ஆக்கள்தான் சிரமமான வேலை. 1:35 இல விக்கிற பொம்மையள் பெரும்பாலும் ஆமிக்காரர், எங்கட களப்பில அதைத் திரும்ப வைக்க எனக்கு விருப்பமில்லை. பழைய கரண்ட் வயருக்குள்ள இருக்கிற செப்புக் கம்பியை முறுக்கி எலும்பு கட்டி, எபொக்சி பட்டி (பிசைஞ்சு வைச்சா இறுகிற களி) அப்பிச் செய்யலாம். ரெண்டு பேர் போதும், ஒருத்தர் தடி ஊண்டுறார், மற்றவர் அணியத்தில வீச்சுவலையோட. வலை விரிஞ்சு பறக்கிற மாதிரிச் செய்ய எல்லாருக்கும் ஆசை வரும், விடுங்கோ, கம்பி தெரியும். எறிய முந்தின நிலையை எடுங்கோ: கயிறு இடக்கை மணிக்கட்டில, வலையில பாதி முழங்கையில தொங்குது, இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருக்கு, பின்கால் குதி கொஞ்சம் எழும்பியிருக்கு. பாரம் முன்காலில விழாட்டி ஆள் போட்டோவுக்கு நிக்கிறமாதிரி நிப்பார். சாரத்துக்கு ரிசுப் பேப்பரைக் கம்மில நனைச்சு மடிச்சுக் கட்டலாம், ஈரமா இருக்கேக்கயே மடிப்பை ஊசியால இழுத்து விடுங்கோ.

நுளம்புவலை இந்த அளவுக்கு ஆகப் பெரிய கண், இறால் பிடிக்கிற வீச்சுவலைக்குச் சரிவராது. பழைய ஸ்ரொக்கிங் துணிதான் நல்லம், மெல்லிய கம்மில தோய்ச்சுத் தொங்கவிட்டுக் காய வையுங்கோ. ஈயமணிக்கு விளிம்பில தையல் நூலைத் தைச்சு இடைக்கிடை முடிச்சுப் போட்டு சாம்பல்நிறம் அடியுங்கோ. ஆக்களை வள்ளத்தில ஒட்டி, வலையையும் மாட்டின பிறகுதான் வள்ளத்தைத் தண்ணியில ஒட்டவேணும், சுத்திவர இருக்கிற இடைவெளியைக் கம்மால அடைச்சு, தடி தண்ணியைத் தொடுற இடத்தில சின்னதா ஒரு வளையம் எழுப்பி, அதில மட்டும் இன்னொருக்கா வார்னிஸ் பூசி விடுங்கோ.