டபிள்யூஎஸ்எல்லில் கிட் மெதுவாக இருந்தால்

பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் விண்டோஸ் மேசைக் கணினிதான். லினக்ஸ் வேண்டுமென்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட். என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்க்க அதில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று தட்டிவிட்டுக் கீழே போய் ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கி வந்துவிடலாம். “அண்ணே, ரேம் கூட்டிக் கேட்போமா?” என்றார் பக்கத்து இருக்கைத் தம்பி.

ரேமில் கோளாறு இல்லை. நிரல் கோப்புகள் சி டிரைவில் இருந்தன. டபிள்யூஎஸ்எல் 2 ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. அங்கிருந்து சி டிரைவைத் தொடும் ஒவ்வொரு முறையும் 9பி என்ற நெறிமுறை வழியாக விண்டோஸிடம் கேட்டு வாங்க வேண்டும். கிட்டும், நிரலுக்குத் தேவையான தொகுப்புகளை நிறுவும் என்பிஎம்மும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் துழாவுபவை. தாமதம் அங்கேதான் சேர்கிறது.

சரி என்று லினக்ஸின் ஹோம் அடைவுக்குள்ளேயே நிரலைப் புதிதாக கிட் குளோன் செய்தேன், அதாவது முழு நகலை இறக்கினேன். என்பிஎம் நிறுவிய தொகுப்புகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸை நகலெடுக்க வேண்டாம், மறுபடி நிறுவுவதே நல்லது. நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடுக்கு டபிள்யூஎஸ்எல் நீட்சி இருக்கிறது. அது மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டேட்டஸ் இப்போது தட்டியவுடன் வருகிறது. ரேம் பேச்சே எழவில்லை!

அப்புறம், விண்டோஸ் கோப்புறைகளை மட்டும் நகலெடுக்கும் பேக்கப்பில் இந்த அடைவு சேராது. வீட்டுக்குக் கிளம்புமுன் வேலையைக் கிட் சர்வருக்குப் புஷ் செய்துவிடுங்கள்.