மைக்ரோஸ்கோப் வாங்குன புதுசுல தவிர்க்க வேண்டிய தவறுகள் – சாரல் பக்கத்து ஆளுங்களுக்காக

போன ஆவணி மாசம் புளியரையில இருந்து எனக்கு தம்பி முறை ஆகுற ஒருத்தன் தன் மைக்ரோஸ்கோப்ப பைக்ல வச்சு தூக்கிட்டு வந்தான். "அண்ணே, எதைப் பாத்தாலும் பனி மூட்டமா தெரியுது, லென்ஸ் போயிட்டுன்னு நினைக்கேன், பாருங்க"ன்னான். 40எக்ஸ் அப்ஜெக்டிவ (பாக்குற பொருள் பக்கம் இருக்க, 40 மடங்கு பெருசாக்குற லென்ஸ்) கழட்டி, ஐபீஸ (நாம கண்ண வைக்கிற லென்ஸ்) தலைகீழா பிடிச்சு அது வழியா லென்ஸ் முகத்த பாத்தேன் (ஐபீஸ திருப்பிப் பிடிச்சா அதுவே நல்ல பூதக்கண்ணாடி, லென்ஸ் சுத்தமா இருக்கான்னு பாக்க இதைவிட சுலபமான வழி கிடையாது). கண்ணாடி மேல சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையா ஓடியிருக்கு. பூஞ்சை. சித்திரையில வாங்கி ஒரு மாசம் ஆசையா பாத்துட்டு, வைகாசி கடைசில துணி உறையோட வந்த பெட்டியிலயே போட்டு பீரோ மேல ஏத்துனவன், சாரல் எல்லாம் ஓஞ்ச பிறகுதான் இறக்கியிருக்கான்.

நம்ம செங்கோட்டை, தென்காசி, பண்பொழி பக்கம் மைக்ரோஸ்கோப் வச்சிருக்கவங்க பண்ற மொத தப்பு இதுதான். ஜூன்ல இருந்து ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற ஈரக்காத்துல உப்பு டப்பாவே கசியுது, துணி காய மாட்டேங்குது, அதுல லென்ஸ் மட்டும் எப்படி தப்பிக்கும். பூஞ்சை வித்து எல்லா இடத்துலயும் காத்துல இருக்கு, அதுக்கு வேண்டியது ஈரமும் இருட்டும் அசையாத காத்தும் கொஞ்சம் விரல் எண்ணெயும்தான், மூடுன பெட்டிக்குள்ள நாலும் கிடைக்குது. அது வளர்றப்ப விடுற அமிலம் லென்ஸ் கோட்டிங்க அரிச்சிரும், அதுக்கப்புறம் பூஞ்சைய தொடச்சாலும் தழும்பு அப்படியே நிக்கும். தம்பியோட 40எக்ஸ் அப்படித்தான் போச்சு, 10எக்ஸ் தப்பிச்சிட்டு.

மரப்பெட்டி, துணி உறை, தோல் பை இதெல்லாம் பாக்க அழகு, ஆனா மூணுமே ஈரத்த உள்ள பிடிச்சு வைக்கும். நான் செய்றது இதுதான்: அப்ஜெக்டிவ், ஐபீஸ் எல்லாத்தையும் கழட்டி, மூடில ரப்பர் வளையம் இருக்க காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பால சிலிகா ஜெல்லோட போட்டுருவேன், மைக்ரோஸ்கோப் உடம்புல லென்ஸ் மாட்டுற ஓட்டைகள மூடி போட்டு அடைச்சிருவேன், மழை இல்லாத நாள்ல வாரம் ஒரு தடவை எல்லாத்தையும் வெளிய எடுத்து வெளிச்சமான ரூம்ல கொஞ்ச நேரம் வைப்பேன். சிலிகா ஜெல்ல போட்டுட்டு அப்படியே மறந்துர்றதும் தப்புதான். ஆரஞ்சு ஜெல் பச்சையாச்சுன்னா அது ஈரத்த குடிச்சு நிறைஞ்சாச்சுன்னு அர்த்தம், 110, 120 டிகிரில ஓவன்ல ரெண்டு மூணு மணி நேரம் காய வச்சா திரும்ப ஆரஞ்சாகும். நீல ஜெல் ஈரம் பட்டா ரோஸ் கலராகும், அதுல கோபால்ட் குளோரைடு இருக்கு, அது விஷம், சமையல் பாத்திரத்துல அத வறுக்கவே கூடாது. வாங்குறதா இருந்தா ஆரஞ்சே வாங்குங்க. அரிசிக்குள்ள போட்டு வைக்கலாமான்னு நிறைய பேர் கேக்காங்க, வேண்டாம், அரிசி மாவுத் தூசி தான் லென்ஸ்ல ஏறும். அந்துருண்டையும் வேண்டாம், அதோட ஆவி லென்ஸ்ல படியும்.

தொடைக்கிறதுல வர்ற தப்பு இதுக்கு சமமா மோசம். வேட்டி நுனி, பனியன், கர்ச்சீப், டிஷ்யூ பேப்பர் எது கையில கிடைச்சாலும் எடுத்து லென்ஸ உலர்ந்தபடியே தேய்ச்சிருதாங்க. நம்ம ஊர்த் தூசில மணல் துகள் இருக்கு, அது கண்ணாடிய கீறும், அதனால மொதல்ல ரப்பர் பல்ப் ஊதியால ஊதணும், வாயால ஊதுனா எச்சில் தெறிக்கும். ஊதியும் போகலன்னா லென்ஸ் பேப்பர்ல ஒரு சொட்டு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பைய ஒத்தி எடுக்கணும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. அசிட்டோன் (நகப்பாலீஷ் ரிமூவர்ல இருக்கும்) பக்கமே போகாதீங்க, லென்ஸ ஒட்டியிருக்க பசைய அது கரைச்சிரும். அதுக்கு முன்னாடி இன்னொன்னு, தூசி எங்க இருக்குன்னே தெரியாம எல்லாத்தையும் தொடைக்காதீங்க. ஐபீஸ சுத்திப் பாருங்க, புள்ளி கூடவே சுத்துனா அது ஐபீஸ்ல இருக்கு. ஸ்லைட (பாக்குற பொருள வைக்கிற கண்ணாடித் துண்டு) நகத்துனா நகருதா, ஸ்லைட்ல இருக்கு. அப்ஜெக்டிவ மாத்துனா காணாம போகுதா, அந்த அப்ஜெக்டிவ்ல. கண்டென்சர (மேடைக்கு கீழ இருந்து வெளிச்சத்த ஸ்லைடு மேல குவிக்கிற லென்ஸ்) ஏத்தி இறக்குறப்ப மங்குதுன்னா கண்டென்சர்லயோ விளக்குலயோ. அப்ஜெக்டிவ உள்ளுக்குள்ள பிரிச்சுப் பாக்குற வேலை மட்டும் யாரும் செய்யாதீங்க, உள்ள இருக்க லென்ஸ் வரிசை ஒரு மயிரிழை நகந்தாலும் திரும்ப சரி பண்ண முடியாது.

வாங்கும்போது பெட்டி மேல 2000எக்ஸ்னு போட்டிருக்கத பாத்து மயங்குறவங்க நிறைய. நானும் மொத தடவை அப்படித்தான் வாங்குனேன், ஒரு ஐபீஸ் கூட தந்தாங்க 20எக்ஸ்னு, 100எக்ஸோட பெருக்குனா 2000, ஆனா உள்ள தெரிஞ்சது பெருசான மங்கல்தான். எவ்வளவு நுணுக்கமா தெரியும்ங்கிறத தீர்மானிக்கிறது அப்ஜெக்டிவ் உடம்புல பொறிச்சிருக்க இன்னொரு நம்பர், 0.25, 0.65, 1.25ன்னு இருக்கும், அதுக்கு பேரு நியூமெரிக்கல் அப்பெர்ச்சர். அந்த நம்பர 1000த்தால பெருக்குங்க, அதுதான் பிரயோஜனமான உருப்பெருக்கத்தோட உச்சம். 1.25க்கு 1250, அதுக்கு மேல பெருக்குறது பழைய போட்டோவ இழுத்து பெருசாக்குற மாதிரிதான். 0.65 இருக்க சாதாரண 40எக்ஸ், பச்சை வெளிச்சத்துல சுமார் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இடைவெளில இருக்க ரெண்டு புள்ளிய ரெண்டுன்னு பிரிச்சுக் காட்டும். குளத்துத் தண்ணி ஜீவன்களுக்கு இது தாராளம். புதுசா ஆரம்பிக்கிறவங்க முக்கால்வாசி நேரம் 10எக்ஸ்லயே இருங்க, அங்கதான் எல்லாம் ஓடி ஆடித் திரியுறது முழுசா தெரியும்.

இனி நான் முக்கியமா சொல்ல நினைச்ச விஷயம், வெளிச்சம். என்கிட்ட "லென்ஸ் சரியில்ல"ன்னு வர்ற பத்து பேர்ல பெரும்பாலானவங்களுக்கு லென்ஸ் நல்லாத்தான் இருக்கும், கண்டென்சர யாரும் தொட்டே இருக்க மாட்டாங்க, மேடைக்கு கீழ எங்கயோ தொங்கிட்டு இருக்கும். அடுத்தது, வெளிச்சம் கண்ணு கூசுதுன்னு ஐரிஸ் டயஃப்ரம (கண்டென்சர்ல இருக்க, ஓட்டைய சிறுசு பெருசாக்குற மூடி) மூடிருதாங்க. ஐரிஸ் வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற சாமான் இல்ல, அதுக்கு விளக்கோட ரெகுலேட்டர் இருக்கு. ஐரிஸ மூட மூட கான்ட்ராஸ்ட் ஏறும், படம் பளிச்சுன்னு ஆன மாதிரி இருக்கும், ஆனா அதே நேரத்துல நுணுக்கம் செத்துப்போகும், எல்லாத்தையும் சுத்தி தடிச்ச கருப்புக் கோடும் அதுக்கு வெளிய வளையம் வளையமாவும் வரும், அத பாத்து "செல் சுவர் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க"ன்னு போட்டோ அனுப்புறவங்க இருக்காங்க, அது சுவர் இல்ல, வெளிச்சம் வளைஞ்சதால வந்த கோடு. சரியான முறை சுலபம்தான்: ஸ்லைட ஃபோகஸ் பண்ணிட்டு ஐபீஸ எடுத்துட்டு குழாய் வழியா எட்டிப் பாருங்க, ஒரு வெளிச்ச வட்டம் தெரியும், ஐரிஸ மூடி மூடி அந்த வட்டத்துல முக்கால் பங்கு வரைக்கும் கொண்டு வந்து நிறுத்துங்க, அவ்வளவுதான். அப்ஜெக்டிவ் மாத்துற ஒவ்வொரு தடவையும் இத செய்யணும், ரெண்டு நாள்ல கை தானா பழகிரும்.

கண்டென்சர் உயரத்த சரி பண்ண ஒரு வழி. 10எக்ஸ்ல ஸ்லைட ஃபோகஸ் பண்ணிட்டு விளக்கோட கண்ணாடி மேல ஒரு பென்சில் முனைய வைங்க, கண்டென்சர பைய ஏத்தி இறக்குங்க, ஒரு இடத்துல பென்சில் முனையும் ஸ்லைடும் ஒண்ணா தெளிவா தெரியும், அதுதான் இடம், அதுல இருந்து விளக்கோட புள்ளி கறை தெரியாம இருக்க ஒரு துளி மட்டும் இறக்கிக்கலாம். விளக்குப் பக்கமும் ஒரு டயஃப்ரம் இருக்க மாடல் வச்சிருந்தா, ஆகஸ்ட் கோலர்னு ஒரு ஜெர்மன்காரர் 1893ல எழுதுன முறைய கட்டாயம் கத்துக்கோங்க, விளக்கோட உருவம் ஸ்லைட் மேல விழாம கண்டென்சர் ஐரிஸ் இருக்க இடத்துல விழ வைக்கிறதுதான் அதோட சாரம், அதனாலதான் பார்க்கிற இடம் முழுக்க வெளிச்சம் ஒரே சீரா பரவுது, இன்னைக்கும் லேப்ல அதுதான் நடைமுறை. கரண்டு இல்லாத பழைய கண்ணாடி மாடல் வச்சிருந்தா, கண்டென்சர் இருந்தா தட்டைக் கண்ணாடிப் பக்கம், கண்டென்சர் இல்லன்னா குழிக் கண்ணாடிப் பக்கம். நேர் வெயில அதுல பிடிச்சிராதீங்க, பிள்ளைங்க கையில இருந்தா இன்னும் கவனம், சூரியன நேரா கண்ணுக்குள்ள குவிக்கிற வேலை அது, கண்ணு போயிரும். வெள்ளைச் சுவர்ல பட்டு வர்ற வெளிச்சமோ வடக்குப் பாத்த ஜன்னலோ போதும்.

நிறமே இல்லாத ஜீவனுங்க தெரியலன்னுதான் நிறைய பேர் ஐரிஸ மூடுதாங்க. அதுக்கு பதிலா ஒரு விசிட்டிங் கார்ட கண்டென்சருக்கு கீழ பாதி மறைக்கிற மாதிரி பைய தள்ளிப் பாருங்க, சாய்ஞ்ச வெளிச்சம் வந்து எல்லாம் புடைச்சுத் தெரியும். டார்க் ஃபீல்டுக்கு (பின்னணி கருப்பாகி ஜீவன் மட்டும் ஒளிர்ற முறை) ஆயிரக்கணக்குல செலவழிக்க வேண்டியதில்ல, 10எக்ஸ்ல மேல சொன்ன மாதிரி குழாய்க்குள்ள எட்டிப் பாத்து, ஐரிஸ் விளிம்பு வெளிச்ச வட்டத்தோட விளிம்ப தொடுற இடத்துல நிறுத்தி, கீழ இருந்து அந்த ஐரிஸ் ஓட்டையோட அளவ எடுத்து, அதவிட ரெண்டு மில்லிமீட்டர் பெருசா கருப்பு அட்டைல வட்டம் வெட்டி, கண்டென்சருக்கு கீழ இருக்க ஃபில்டர் தட்டுல நட்டநடுவுல வச்சிருங்க, ஐரிஸ முழுசா திறந்துருங்க. கருப்பு வானத்துல ரோட்டிஃபர்ங்கிற குளத்து நுண்ஜீவன் வைரம் மாதிரி மின்னும். இங்க பண்ற தப்பு ஐரிஸ திறக்க மறக்குறதும், ஸ்லைட அழுக்கா விடுறதும், டார்க் ஃபீல்டுல ஒரு தூசி கூட ஒளிய முடியாது. போலரைசர் ஃபிலிம் (ஒரே திசைல அதிர்ற வெளிச்சத்த மட்டும் விடுற ஃபிலிம்) ரெண்டு வாங்கி குறுக்கால வச்சுப் பாக்குறவங்களுக்கு ஒரு தகவல், சர்க்கரை படிகம் கலர் கலரா ஜொலிக்கும், சாப்பாட்டு உப்பு இருட்டாவே கிடக்கும், அது உங்க தப்பில்ல, உப்புப் படிகத்தோட குணமே அதுதான்.

ஸ்லைடு விஷயத்துல சுருக்கமா சொல்லிருதேன். கவர் ஸ்லிப் (ஸ்லைடு மேல மூடுற மெல்லிய கண்ணாடி) இல்லாம 40எக்ஸ்ல பாக்கக் கூடாது, அப்ஜெக்டிவ்ல 0.17ன்னு எழுதியிருக்கது கவர் ஸ்லிப்போட கனம் மில்லிமீட்டர்ல, அந்தக் கனத்துக்குத்தான் லென்ஸ கணக்குப் போட்டிருக்காங்க. ஸ்லைட தலைகீழா வச்சுட்டு 40எக்ஸ்ல ஃபோகஸ் தேடித் தேடி உடைச்சவங்கள எனக்குத் தெரியும், ஸ்லைடு கனம் ஒரு மில்லிமீட்டர், 40எக்ஸ் அதவிடக் கிட்ட வந்தாத்தான் ஃபோகஸ் ஆகும், அப்ப மோதாம என்ன செய்யும். எப்பவும் 4எக்ஸ்ல ஆரம்பிங்க, 40எக்ஸ்ல பெரிய திருகாணிய தொடாதீங்க. தண்ணி ஒரு சின்னச் சொட்டு போதும், வழிஞ்சா மேடைல இறங்கி துரு பிடிக்கும். நல்ல கருப்பு விளிம்போட கச்சிதமான வட்டமா ஒண்ணு தெரிஞ்சா அது காத்துக் குமிழி. 100எக்ஸ் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல எண்ணெய் விடணும், அதுக்கு தேங்காய் எண்ணெய் ஊத்தலாமான்னு கேக்காங்க, ஒளிவிலகல் எண் 1.515 இருக்க இம்மர்ஷன் ஆயில்தான் வேணும், தேங்காய் எண்ணெய் 1.45 பக்கம் நிக்கும், மார்கழில உறையவும் செய்யும். எண்ணெய் போட்ட ஸ்லைடு மேல 40எக்ஸ திருப்பிராதீங்க, முடிஞ்ச உடனே 100எக்ஸ லென்ஸ் பேப்பரால ஒத்தி எடுத்துருங்க.

இன்னொரு தப்பு, இத கொஞ்சம் பாரமான மனசோடதான் சொல்லுதேன். 2024ல கேரளாவுல மூளையத் தின்னும் அமீபா கேஸ் நிறைய வந்தப்ப, எங்க தெரு அத்தை ஒருத்தங்க பாட்டில்ல கிணத்துத் தண்ணி கொண்டு வந்து "இதுல அந்த அமீபா இருக்கான்னு பாத்துச் சொல்லு தம்பி, பேரப்பிள்ளைங்க குளிக்குது"ன்னு நின்னாங்க. நம்மளால அத சொல்ல முடியாது. குளத்துத் தண்ணில ஆபத்தில்லாத அமீபா எத்தனையோ வகை இருக்கு, பாத்து எது நெக்லேரியான்னு (அந்த மூளையத் தின்னும் அமீபாவோட பேரு) பிரிக்கிறது லேப் வேலை, ஒரு சொட்டுல காணலங்கிறதால கிணறு சுத்தம்னும் ஆகாது. "ஒண்ணும் இல்ல, தைரியமா குளிங்க"ன்னு சொல்லிட்டா அந்தப் பாவம் யாரு தலைல விழும். அது குடிக்கிற தண்ணியால வராது, மூக்கு வழியாதான் ஏறும்னு விளக்கி, பிள்ளைங்க மூக்குல தண்ணி ஏறாம பாத்துக்கச் சொல்லி, சுகாதார இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி கிணத்துல குளோரின் போடச் சொன்னேன். நாமளும் பைப்பெட்ட வாயால உறிஞ்சுறத விடணும், பாத்து முடிச்சதும் சோப்பு போட்டு கைய கழுவணும்.

தம்பி வேற 40எக்ஸ் வாங்கிட்டான், டப்பா, ஆரஞ்சு ஜெல் எல்லாம் வாங்கிட்டான். போன வாரம் அவன் வயல்ல மிதந்த அசோலா (தண்ணில மிதக்குற சின்னப் பெரணி) ஒரு கை அள்ளிட்டு வந்திருந்தான். ஒரு சின்ன இலைய மட்டும் கிள்ளி, சொட்டுத் தண்ணில வச்சு, கவர் ஸ்லிப் போட்டு பென்சில் ரப்பரால பைய அமுக்கச் சொன்னேன், இலைக்குள்ள இருந்து நீலப்பச்சை மணிமாலை மாதிரி அனபீனா (அசோலா இலைக்குள்ள வாழுற நுண்ணுயிர்) சரம் சரமா வெளிய வந்துச்சு. ஐரிஸ் முக்கால் திறந்து, கார்ட பாதி தள்ளி, 40எக்ஸ்ல அவனே ஃபோகஸ் பண்ணான். நடுநடுவுல கொஞ்சம் பெருசா, சுவர் தடிச்சு, வெளிறிப்போன மணி ஒண்ணு ஒண்ணு இருக்கே அண்ணே, அது செத்ததான்னு கேட்டான். இல்லடா, அதுக்கு பேரு ஹெட்டரோசிஸ்ட், உன் நெல்லுக்கு காத்துல இருந்து நைட்ரஜன பிடிச்சுத் தர்றதே அதுதான்னு சொன்னேன், ரொம்ப நேரம் கண்ண எடுக்கல.