கடலோரம் ஓடும் எஸ்யூவிக்கு அலாய் வீல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி ஆடி கியூ7-ஐ ஓட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். டிக்கியில் போர்வை சுற்றிய நான்கு 21 இஞ்ச் வீல்கள். ஷார்ஜாவில் இருக்கும் அவருடைய மாமா அங்கே பழைய வீல் விற்கும் கடையில் வாங்கி கார்கோவில் போட்டு அனுப்பியிருக்கிறார். "டைமண்ட் கட்ண்ணே, ஒரு கீறல் கிடையாது" என்று போர்வையைப் பிரித்தார்.

உண்மைதான், கீறல் இல்லை. ஆனால் டார்ச் அடித்து ஸ்போக் ஓரத்தைப் பார்த்தேன். வால்வு துளைக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினார், போகவில்லை. பிசிடி, அதாவது போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும், 5x112, கியூ7-க்குச் சரியாக உட்காரும், சென்டர் போர் என்கிற நடுத் துளை கூடப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். அதையெல்லாம் இப்போது எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அதனால் அந்தப் பாடத்தை நான் எடுக்கப் போவதில்லை. எங்கள் ஊரில் நல்ல வண்டி வைத்திருப்பவர்கள், நானும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

டைமண்ட் கட் வீலைக் கடலோரத்துக்கு வாங்குவது

டைமண்ட் கட் வீல் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். முதலில் வீல் முழுக்கப் பெயின்ட் அடிப்பார்கள். அப்புறம் லேத்தில் ஏற்றி, முகப்பை மட்டும் வைர முனை வைத்த கட்டரால் மெல்லியதாகச் சீவுவார்கள். பெயின்ட் போய்ப் பளபளவென்று அலுமினியம் வெளியே வரும். அதன் மேல் கிளியர் கோட். அந்த முகத்தில் அடியில் கலர் பூச்சு எதுவும் மிச்சம் இல்லை. உப்புக் காற்றுக்கும் வெறும் அலுமினியத்துக்கும் நடுவில் நிற்பது அந்தக் கண்ணாடிப் படலம் மட்டும்தான்.

அந்தப் படலமும் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது. சீவிய ஸ்போக்கின் ஓரம் கத்தி மாதிரிக் கூராக இருக்கும். ஈரமாக அடிக்கிற பூச்சு கூரான ஓரத்தில் நிற்காமல் பின்வாங்கும். அங்கேதான் முதலில் திறக்கும். ஒரு கல் தெறித்தாலும் போதும், பஞ்சர் கடையில் பேலன்ஸ் கிளிப்பை ரிம் விளிம்பில் சுத்தியலால் தட்டினாலும் போதும், தனுஷ்கோடிச் சாலையில் பறக்கிற மணல் தேய்த்தாலும் போதும்.

அலுமினியம் தன் மேல் தானே ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். உள்நாட்டு ஊர்களில் அந்தத் தோலே பெரிய பாதுகாப்பு. உப்பில் இருக்கிற குளோரைடு அந்தத் தோலைத்தான் முதலில் உடைக்கும். அதன் பிறகு அரிப்பு கிளியர் கோட்டுக்கு அடியிலேயே நூல் நூலாக ஊர்ந்து போகும். நகரும் முனையில் குளோரைடும் ஈரமும் இருக்கும், கடந்து வந்த பாதையில் வெள்ளைப் பொடி கிடக்கும். ஃபிலிஃபார்ம் அரிப்பு என்று இதற்குப் பெயர். எங்கள் கடையில் புழு என்போம். துடைத்தாலும் பாலிஷ் போட்டாலும் போகாது, ஏனென்றால் அது பூச்சுக்கு அடியில் இருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மச்சான் குவைத்தில் இருந்தார். ஊருக்கு வந்து ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வாங்கினார், அப்போது ஓடிய எஃப்15 மாடல். வீல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். தொழிலுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, மதுரைக்குப் போய் ஒரு கடையில் 20 இஞ்ச் டைமண்ட் கட் செட் எடுத்தேன். நான்கு வீலுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு அழகு. அவர் லீவு முடிந்து கிளம்பிவிட்டார், வண்டி தேவிப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்து வீட்டில் ஓலைக் கொட்டகையில் நின்றது. அக்கா வாரம் ஒரு தடவை ஆளை விட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்வார். வாடைக் காற்றுக் காலம் முழுவதும் அப்படியே போனது. பதினோராவது மாதம் நான் போய்ப் பார்த்தபோது நான்கு வீலிலும் புழு. அதிகம் ஓடாத வண்டிக்கு இது இன்னும் மோசம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஓடுகிற வண்டியை மழையாவது கழுவும், நிற்கிற வண்டியின் மேல் உப்பு படிந்துகொண்டே இருக்கும்.

வீலைத் தூக்கிக்கொண்டு விற்ற கடைக்குப் போனேன். வாரண்டி அட்டையைத் திருப்பிக் காட்டினார்கள். பூச்சுக்கு ஒரு வருடம், கடலோரப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்று பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. வாங்கிய அன்றைக்கு வண்டி அவர்கள் கடை வாசலில்தான் நின்றது. நம்பர் பிளேட்டில் டிஎன் 65. ராமநாதபுரம் வண்டி என்று தெரிந்தே விற்றார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அப்புறமும் நான் திருந்தவில்லை. லேத்தில் மறுபடி சீவிக் கிளியர் அடித்தால் புதுசாகிவிடும் என்றார்கள், செய்தேன். எட்டே மாதத்தில் திரும்ப வந்தது. இரண்டாம் தடவை கொண்டு போனபோது லேத் ஓட்டுகிற பெரியவர், "தம்பி, ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையுது. இதுக்கு மேல சீவினா நான் பொறுப்பு இல்லை" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் ஒருவர்தான் எனக்கு நேர்மையாகப் பதில் சொன்னவர். கடைசியில் பழைய பூச்சை முழுக்க எடுத்து, முகப்பு உள்பக்கம் எல்லாம் சேர்த்துச் சில்வரில் பவுடர் கோட் (பொடியாகத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்ட வைக்கும் பூச்சு) அடித்தோம். அந்த செட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கடல் எப்படிப்பட்டது என்று தெரிய பாம்பனைப் பார்த்தால் போதும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை ஓய்ந்ததே இல்லை. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பாலம் கட்டுகிறவர்கள் இங்கே பூச்சை முதல் கேள்வியாக வைக்கிறார்கள். வீல் வாங்குகிறவரும் டிசைனுக்கு முன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

வாங்குவதானால் முகப்பு முழுக்க பெயின்ட் அல்லது பவுடர் கோட் அடித்த ஒரே துண்டு வீல். சில்வர், கன்மெட்டல், கறுப்பு எதுவானாலும் சரி. ஸ்போக் ஓரங்கள் உருண்டையாக இருக்கட்டும். விரல் நுழைந்து பின்பக்கம் வரை துடைக்க இடம் இருக்கட்டும். வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஸ்டீல் போல்ட் வைத்த இரண்டு மூன்று துண்டு வீல்களை எங்கள் பக்கம் யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை. அலுமினியத்தில் ஸ்டீல் இறங்கிய ஒவ்வொரு துளையிலும் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் கரையும்.

குரோம்

வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் கழுவுவது

தனுஷ்கோடி போய் வந்ததும் வீட்டு போர்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, கழுவியாச்சு என்று நினைப்பவர்கள் அதிகம். எங்கள் மாவட்டத்தில் கடலோரத்து போர்த் தண்ணீர் பல இடத்தில் வாயில் வைக்க முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதே அதனால்தானே? அந்தப் போர்த் தண்ணீர் வீலில் காய்ந்தால் உப்பு மறுபடி படிகிறது. போரில் மண்ணை அடித்து எடுத்துவிட்டு, கடைசியாக ஒரு வீலுக்கு அரை வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடையுங்கள். உள்பக்கமும் சேர்த்து. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை வீலுக்கு ஊற்றுவதா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும்.

ஐரோப்பிய வண்டிகளில் பிரேக் பேட் பொடி அதிகமாகக் கொட்டும். அது இரும்புப் பொடி. சூட்டோடு பூச்சில் பதிந்து, உப்பு ஈரத்தில் துருப்பிடித்து, வீலையே பழுப்பாக்கும். அதை எடுக்க வாட்டர் சர்வீஸில் ஆசிட் அடிப்பார்கள். பத்து நிமிடத்தில் வீல் மின்னும், கிளியர் கோட் அன்றைக்கே பாதி செத்துவிடும். ஷாம்பு, மெல்லிய பிரஷ், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

அரிச்சல்முனை போய் வந்த பிறகு ஸ்டீயரிங் உதறினால் உடனே பேலன்ஸிங் கேட்காதீர்கள். பெரும்பாலும் ரிம்முக்கு உள்ளே ஈர மணல் ஒட்டிக் காய்ந்திருக்கும்.

கேட்டுக்கு அடிக்கும் இடத்தில் பவுடர் கோட்

கிரில், கேட்டுக்கு அடிக்கிற இடத்தில் நெருப்பு வைத்துப் பழைய பெயின்டை எரித்து எடுப்பார்கள். அலாய் வீலின் பலம் சூடாக்கிப் பதப்படுத்தியதில் வந்தது. தாறுமாறாகச் சுட்டால் அந்தப் பதம் போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. பெயின்டை கெமிக்கலில் ஊற வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அடுப்பின் வெப்பம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வீலை விடாதீர்கள். ஹப்பில், அதாவது வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதியில், உட்காரும் முகத்திலும் போல்ட் உட்காரும் குழியிலும் பவுடர் படக்கூடாது. அந்தக் கனம் ஓட்டத்தில் நசுங்கும், போல்ட் தளரும்.

22 இஞ்ச்

255/55 ஆர்18 டயர் என்றால் அகலம் 255 மில்லிமீட்டர், ரிம் 18 இஞ்ச், பக்கச்சுவர் அகலத்தில் 55 சதவீதம், அதாவது 140 மில்லிமீட்டர். 285/35 ஆர்22 என்றால் 100 கூட இல்லை. மதுரை ரோட்டில் ஒன்றும் தெரியாது. சாயல்குடியிலிருந்து உள்கிராமத்துக்குள் திரும்பியதும் தெரியும். அறிவிப்புப் பலகை இல்லாத வேகத்தடை ஒன்று போதும், ரிம் உள்பக்கம் வளைந்துவிடும். ஓரம் இறங்கினால் சீமைக் கருவேல முள் வேறு. நான் 19-ல் நிறுத்தச் சொல்வேன், ஆசை அதிகமானால் 20.

முன்னும் பின்னும் சுற்றளவு பார்க்காதது

ஆல்வீல் டிரைவ் வண்டியில் முன் டயரும் பின் டயரும் உருளும் சுற்றளவு ஒத்திருக்க வேண்டும். எஃப்15 எக்ஸ்5-ல் முன்னால் 275/40 ஆர்20, பின்னால் 315/35 ஆர்20. கணக்குப் போட்டால் இரண்டின் விட்டமும் 728 மில்லிமீட்டர் பக்கம் வரும். பின்னால் 315 கிடைக்கவில்லை என்று 275/45 போட்டால் 755 ஆகிவிடும். அந்த வித்தியாசத்தை, முன் பின் அச்சுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் வாங்கிக்கொண்டே ஓடும். அதைப் பழுது பார்க்கும் செலவில் நல்ல டயரே நான்கு வாங்கலாம்.

வெளியே தள்ளி நிற்கும் வீல்

ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். 9 ஜே (9 இஞ்ச்) அகலம், ஆஃப்செட் 35 இருந்த இடத்தில் 10 ஜே, ஆஃப்செட் 20 போட்டால் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் தள்ளும். பேரிங் சீக்கிரம் சத்தம் போடும், கதவெல்லாம் சேறு. பெரிய பிரேக்குக்கு இடம் வேண்டும் என்றால் தவிர இதைச் செய்யக் காரணமே இல்லை.

கார் வீலை எஸ்யூவிக்குப் போடுவது

5x112 என்று எழுதியிருந்தால் செடான் வீலும் இப்போதைய கியூ7-ல் ஏறிவிடும். 2018-ல் வந்த ஜி05 எக்ஸ்5-லும் ஏறும், முந்தின எஃப்15-க்கு 5x120. ஏறுவதால் எடை தாங்கும் என்று அர்த்தம் இல்லை. கதவோரத்து ஸ்டிக்கரில் ஒவ்வோர் அச்சுக்கும் அதிகபட்ச எடை போட்டிருக்கும். பின் அச்சுக்கு 1,500 கிலோ என்றால் ஒவ்வொரு வீலும் குறைந்தது 750 கிலோ தாங்க வேண்டும். அந்த எண் வீலின் பின்பக்கத்திலேயே வார்த்திருக்கும். எண்ணும் இல்லை, ஜேடபிள்யூஎல், விஐஏ மாதிரி தரச் சோதனை முத்திரையும் இல்லை என்றால் என்ன விலையானாலும் வாங்காதீர்கள்.

ஏர் கன்னில் போல்ட் முடுக்குவது

டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர், இல்லாத கடையில் வீல் மாட்டாதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

வால்வு

டயர் அழுத்தம் காட்டும் சென்சார் வைத்த வால்வின் தண்டு பெரும்பாலும் அலுமினியம். அதற்குள் பஞ்சர் கடையில் சாதாரணப் பித்தளை ஊசியைப் போட்டால் ஒரு மழைக்காலத்தில் இரண்டும் ஒட்டிப்போகும். அடுத்த தடவை திருகும்போது தண்டே உடையும், சென்சாரோடு போச்சு. நிக்கல் பூசிய ஊசியும் பிளாஸ்டிக் மூடியும் கேட்டு வாங்குங்கள்.

பழைய போல்ட்டையே புது வீலுக்கு முடுக்குவது, அல்லது தூக்கிப் போடுவது

ஆடியின் கம்பெனி வீலில் போல்ட் உட்காரும் குழி உருண்டை. வெளியில் வாங்கும் வீலில் பெரும்பாலும் கூம்பு. உருண்டைப் போல்ட்டைக் கூம்புக் குழியில் முடுக்கினால் ஒரு வளையம் மட்டும்தான் தொடும். முடுக்கும்போது இறுகின மாதிரியே இருக்கும், ஓட ஓடத் தளரும். இப்படி மாட்டிய ஒரு வண்டி மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறும் முன்னால் உதற ஆரம்பித்து, நல்லவேளையாக ஓட்டியவர் நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தால் ஐந்தில் மூன்று போல்ட் கையாலேயே சுற்றியது.

கீழக்கரைத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் வீலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "முழுசா கன்மெட்டல் அடிச்சிரலாம்ண்ணே" என்றார். வீல்கள் இப்போது கெமிக்கலில் ஊறுகின்றன. கூம்பு போல்ட் புதுசாக வாங்கியாகிவிட்டது. பழைய உருண்டைப் போல்ட் ஐந்தை எண்ணெய்த் துணியில் சுற்றி அவருடைய ஸ்டெப்னி குழிக்குள் நானே வைத்தேன். ஸ்டெப்னி கம்பெனி வீல், அதில் உருண்டைப் போல்ட்தான் உட்காரும்.